பாட்டரிக்கும் ஏகாதசி

எம்பார் ஈர வேட்டியுடன் கூடத்து மூலையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு பாட்டரிகளின் மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து வாழையிலைத் துண்டின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டரிக்கு ஆறு மூடி. இரண்டுக்கும் பன்னிரண்டு. ஆழ்வார்களும் பன்னிருவர். இந்தக் கணக்கு ஒத்துப்போனதைக் கண்டுபிடித்த நாளில் அவர் ஆனந்தத்தில் சாப்பிட மறந்துபோனார். அன்றிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் ஓர் ஆழ்வார் பெயர்.

"நம்மாழ்வார்ல தீர்த்தம் ஒரு விரக்கடை எறங்கிடுத்து" என்கிறார், துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து. "திருமங்கையாழ்வார் கொதிக்கறார். அவர் எப்பவுமே அப்படித்தான்."

கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கும் அவருடைய தங்கை ஸத்யபாமா இதைத் தினமும் கேட்கிறாள். பாட்டரிகள் அவளுடைய சக்கர நாற்காலிக்கு உரியவை.

"ஆழ்வார்கள்ளாம் க்ஷேமம்னா வண்டியைப் பூட்டலாமா அண்ணா? இன்ஸ்டிட்யூட் தெறந்திருப்பா."

"பறக்காதேடி பாமா. இன்னும் அமுது செஞ்சு முடியலை."

சார்ஜ் ஏறுகிறது என்று எம்பார் சொல்லமாட்டார். பெருமாள் சாப்பிடுவதைச் சொல்வதுபோல், பாட்டரி அமுது செய்கிறது. சார்ஜ் ஏறி முடிந்தால் அமுது செய்தாகிவிட்டது. பாட்டரிக்கு ஊற்றும் நீர் தீர்த்தம். கடையில் விற்கும், காய்ச்சி வடித்த வாலை நீர்ப் பாட்டிலை அவர் வீட்டுக்குள் விடுவதில்லை. எவன் தொட்டு அடைத்தானோ. சாதம் வடிக்கும் முன் பானையின் மூடியில் கோத்து நிற்கும் ஆவித் துளிகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டரிகளுக்குக் குறை இல்லை. உலகத்தில் வேறெந்தப் பாட்டரியும் சீரகச் சம்பாவின் ஆவியைக் குடித்து வளர்ந்திருக்காது.

எம்பார் திருவள்ளூர் பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொண்டுவரும் கைங்கரியம் செய்பவர். விடிவதற்கு முன் மணவாள நகரிலிருந்து புறப்பட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருக்குள் போய், குடம் குடமாகத் தோளில் சுமந்து உள்ளே கொண்டு சேர்ப்பார். வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். அதற்குக் குடம் மட்டும் காரணமல்ல. ஸத்யபாமாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் போயின. அன்றிலிருந்து அவளைத் தூக்கியது எம்பார்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேர் பார்க்கிற மூலை, டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதிய ஹால், எல்லாவற்றுக்கும் வலது தோளில்தான் போனாள். குடத்தை இறக்கிவிட்டுத் தங்கையைத் தூக்குவார். தங்கையை இறக்கிவிட்டுக் குடத்தைத் தூக்குவார். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் பெருமை வேண்டுமா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவர் நடையில் தெரியும்.

பிறகு அந்த நாற்காலி வந்தது. சீமையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தம்பி தேவராஜன், அங்கே கழித்துப் போட்ட மின்சார நாற்காலி ஒன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பினான். துறைமுகத்தில் அது என்ன சாமான் என்று முடிவு செய்ய அதிகாரிகளுக்குப் பல மாதம் பிடித்தது. மோட்டார் வண்டியா, மரச்சாமானா, மருந்தா? கடைசியில் மூன்றுக்கும் சேர்த்து வரி போட்டு அனுப்பினார்கள். நாற்காலி வந்தது, சார்ஜர் வந்தது, பாட்டரி வரவில்லை. அமிலம் உள்ள சாமானைக் கப்பலில் ஏற்றமாட்டார்களாம். பாட்டரியை இங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளும்படி தேவராஜன் எழுதியிருந்தான்.

எம்பார் அதைப் பெருமாளே இட்ட நியமனமாக எடுத்துக்கொண்டார்.

நல்ல பாட்டரி எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில், புதுவாயல் என்றார்கள். கல்கத்தா ரோட்டில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் இரும்புப் பட்டறைகளுக்குப் போகும் லாரிகளெல்லாம் நின்று மூச்சு வாங்கும் இடம். அங்கே தணிகாசலம் பாட்டரிக் கடை வைத்திருந்தான். எம்பார் பஞ்சகச்சத்தோடு போய் நின்றபோது தணிகாசலம் எழுந்து கும்பிட்டான்.

"இன்னா வண்டி சாமி? டெம்போவா?"

"நாற்காலி."

"நாக்காலியா? எந்த ரூட்ல ஓடுது?"

விஷயம் புரிந்ததும் தணிகாசலம் ஒழுங்காகவே யோசனை சொன்னான். முதல் தடவை என்பதால் சொன்னான்.

"சாமி, லாரி பாட்டரிக்கு ஒரே ஒரு உதை வுடத்தான் தெரியும். இன்ஜின் கெளம்பிச்சின்னா அதும்பாட்டுக்குப் படுத்துக்கும். ஒங்க நாக்காலிக்கு அது சரிப்படாது. நாள் பூரா மெள்ள நடந்துகினே இருக்கணும். பேக்டரில பெட்டி தூக்குற வண்டி ஓடுது பாரு, அதுல போடுற பாட்டரி வோணும். உள்ள தடித் தகடு. ரெண்டு வச்சிருக்கேன், கொஞ்சம் ஓடினது, இன்னும் மூணு வருசம் ஓடும்."

"ஓடினதுன்னா?"

"ஒரு கம்பெனில யூஸ் பண்ணது."

எம்பாரின் முகம் சுருங்கியது. யாரோ சாப்பிட்டு எழுந்த இலையில் தங்கையை உட்கார வைப்பதா? புதிதாக, பளபளவென்று, மூடியில் இன்னும் காகிதம் ஒட்டியிருந்த லாரி பாட்டரிகள் இரண்டைக் காட்டி, அவைதான் வேண்டும் என்றார். தணிகாசலம் தலையைச் சொறிந்தான். பிறகு கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி சின்னப்பொண்ணுவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே "குடுத்து அனுப்பு" என்றாள்.

மூன்று நான்கு மாதத்தில் ஒன்று போயிற்று. எம்பார் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனார். போனது ஒன்றுதானே, ஒன்று வாங்கினால் போதும் என்பது அவர் கட்சி.

"ரெண்டையும் சேத்து மாத்துங்க சாமி" என்றான் தணிகாசலம். "பழசு புச்சையும் இஸ்துகினு போயிடும்."

"உசிரோட இருக்கறதைத் தூக்கி எறியச் சொல்றியா? பாபம் இல்லையோ?"

"பாவந்தான்" என்றான் தணிகாசலம். அதற்குப் பிறகு அவன் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டான். எம்பார் தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "சின்னப்பொண்ணு, நம்ம சாமி வந்துகினு இருக்காரு, ஸ்டூலைத் தொடச்சிப் போடு" என்பான். கோலி சோடா உடைத்துக் கொடுப்பான். எம்பார் வெளியில் எதையும் குடிப்பதில்லை என்பதால் அதை அவனே குடிப்பான். இப்படி ஒரு வாடிக்கைக்காரரை அவன் லாரிக்காரர்களிடையே கண்டதில்லை. லாரிக்காரன் பாட்டரி செத்தால் திட்டுவான். சாமி விதி என்பார்.

பெரியபாளையம் வழியாகப் போய் வரும் பஸ்ஸின் கண்டக்டருக்கும் எம்பாரைத் தெரியும்.

"இன்னா சாமி, மடியில புள்ளையா?"

"பாட்டரி."

"ஆஸிட்டு ஊத்தினதா? யோவ், அன்னிக்கே இன்னா சொன்னேன்? சீட்டு கிழிஞ்சா யாரு டிப்போல பதில் சொல்றது? படியாண்ட போய் குந்து."

படியருகில், இரண்டு முழங்கால்களுக்கு நடுவே பாட்டரியை அணைத்துப் பிடித்து, வளைவுகளில் அது குலுங்கித் தெளிக்கும் துளிகளை வேட்டியில் வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். அவருடைய வேட்டிகளைக் கொடியில் உலர்த்தினால் கொல்லைப்புறத்து முருங்கை மரம் முழுதாகத் தெரியும். அவர் மனைவி மரகதவல்லி முதலில் ஒட்டுப் போட்டாள். இப்போது போடுவதில்லை. "காத்தோட்டமா இருக்கட்டும்" என்கிறாள்.

புது பாட்டரி வாசலில் நிற்கும். பலர் கை பட்டு வந்ததாயிற்றே என்று எம்பார் ஒரு சொம்பு ஜலத்தை அதன் தலையில் கொட்டிச் சுத்தி செய்த பிறகுதான் நிலைப்படி தாண்டலாம். உள்ளே இருக்கும் அமிலத்துக்கு மட்டும் தீட்டில்லை. அது எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று அவரே ஒரு விதிவிலக்கு எழுதிக்கொண்டார். இப்படி நனைந்து நனைந்து, ஒயர் மாட்டும் ஈயக் குமிழ்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூக்கும். சோடா உப்புப் போட்டுத் துடைக்க வேண்டும் என்று தேவராஜன் எழுதியிருந்தான். எம்பார் புளி போட்டுத் தேய்த்தார். கோயில் பாத்திரமெல்லாம் அதில்தானே பளபளக்கிறது. அமிலத்தால் வந்த நோய்க்குப் புளிப்பால் மருந்து. குமிழ்கள் ஒரு நாள் பளபளத்தன. மறுநாள் முன்னைவிட அமோகமாகப் பூத்தன.

இவ்வளவையும் அந்தப் பாட்டரிகள் பொறுத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கொன்றது ஏகாதசி.

பக்ஷத்துக்கு ஒரு ஏகாதசி. அன்று எம்பார் உபவாசம். வீட்டில் எல்லோரும் உபவாசம். அமுது செய்யும் வஸ்து என்று ஆன பிறகு பாட்டரி மட்டும் விலக்கா? ஏகாதசி அன்று சார்ஜர் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. உபவாசத்தில் வேலை செய்யலாம், சாப்பிடத்தான் கூடாது என்பதால், அன்றும் ஸத்யபாமாவைச் சுமந்துகொண்டு பாட்டரி இன்ஸ்டிட்யூட் போய் வரும். மாலையில் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கும். துவாதசி விடியற்காலை, உபவாசத்தை முடிக்கும் பாரணை ஆன பிறகுதான் அதற்கு ஆகாரம். அவள் புறப்படும் நேரத்துக்குள் கால் வயிறுகூட நிரம்பாது. காலியாகப் போட்டு வைத்த பாட்டரி ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உப்புக் கட்டிதட்டிச் சாகும் என்பதைத் தணிகாசலம் சொல்லியிருப்பான், கேட்டிருந்தால். பாட்டரி ஏகாதசி இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கோயிலுக்கு ஒரு விளக்குப் போட்டிருப்பான்.

எம்பாரின் உபவாசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிசி சேர்ப்பதில்லை. அதாவது, அந்த வீட்டில் ஏகாதசி அன்று பட்டினி கிடப்பது அரிசி மட்டும்தான்.

ஸத்யபாமா வேலை பார்ப்பது ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஆதிகேசவன் என்பவர் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். முப்பத்துநாலு வயதில், யார் தோளிலும் ஏறாமல், தானே கைப்பிடிக் குமிழைத் தள்ளிக்கொண்டு தெருவில் போகக் கிடைத்த வேலை. போகும் வழியில் அவள் நின்று பூ வாங்குவாள். வேண்டியதில்லை, இருந்தாலும் நிற்பாள். நிற்பதும் புறப்படுவதும் அவள் இஷ்டம் என்பதற்காகவே.

துவாதசி துவாதசிக்கு அவள் தாமதமாகப் போனாள். இரண்டு தடவை போகவே இல்லை. மூன்றாவது தடவை ரயில்வே கேட்டு வரை போனாள்.

எம்பார் கோயிலிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். கேட்டின் ஊர்ப்பக்கத்துக்கு வந்தபோது மணி அடித்து, கேட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. தண்டவாளத்தின் மேல், இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, நாற்காலி நின்றுகொண்டிருந்தது. அதில் அவர் தங்கை குமிழைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்கீப்பர் சின்னராசு கொடியை ஆட்டிக்கொண்டு கத்தினான். "இன்னாம்மா, இங்கயே ஊடு கட்டிக்கினு குந்திக்கப் போறியா? அரக்கோணத்து கூட்ஸு வருது! நகரு!"

"நகராதுப்பா. நேத்திக்கு அது விரதம்."

"இன்னாது?"

கீரைக் கூடையோடு அந்தப் பக்கம் காத்திருந்த பூவம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து கேட்டுக்குள் நுழைந்தாள். "யோவ், கொடிய ஆட்டிகினு பேசிகினு நிக்கிறியே, வந்து தள்ளுய்யா! அய்ய, இன்னா பேஜாரு புடிச்ச நாக்காலிடா இது, பொணங்கனம் கனக்குது!"

இரண்டு லாரி பாட்டரியும் ஒரு மனுஷியும் சேர்ந்த கனம். இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கம்பியில் சக்கரம் ஒருமுறை மாட்டி எகிறியது. எம்பார் குனிந்து நுழைந்து ஓடிவருவதற்குள் நாற்காலி இந்தப் பக்கம் வந்துவிட்டது. கூட்ஸ் வந்தது, அதன்பாட்டுக்குப் போயிற்று.

எம்பார் தங்கையைப் பார்க்கவில்லை. குனிந்து பாட்டரிமேல் கை வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

"நானும் சூடாத்தான் இருக்கேன். தொட்டுப் பாரு" என்றாள் ஸத்யபாமா.

பூவம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "சாமி, அதைப் பாக்கறதுக்கு முன்ன தங்கச்சிக்கு ஒரு வாய் தண்ணி குடு."

எம்பார் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். காலிக் குடம். அது கையிலிருந்து நழுவிச் சரளைக்கல்லில் விழுந்து நசுங்கியது. அத்தனை வருஷக் கைங்கரியத்தில் அவர் கீழே போட்ட முதல் குடம். அதைப் பற்றிப் பிறகு யார் கேட்டாலும் சரளைக்கல்லைக் குறை சொன்னார்.

அன்று மத்தியானமே புதுவாயலுக்குப் போய் ஒரு புது பாட்டரி வாங்கி வந்தார். ஒன்றுதான். தப்பு தணிகாசலத்தின் சரக்கில் இருந்தது, நல்லவேளையாகப் பெருமாள் காப்பாற்றினார் என்று மரகதவல்லியிடம் சொன்னார். "பெருமாள் கீரைக் கூடையோட வந்தாராக்கும்" என்றாள் மரகதவல்லி.

மறுநாள் ஆதிகேசவன் ஸத்யபாமாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். அவருக்கு அது பழக்க தோஷம்.

"மேடம், நான் நடத்தறது இன்ஸ்டிட்யூட்டா, பஜனை மடமா? பஞ்சாங்கத்தைப் பாத்து லீவு போட்டா எப்படி? இன்னும் ரெண்டு வாரத்துல கவர்மென்ட் பரீட்சை. நம்ம ஹால்லதான் நடக்குது. பொண்ணுங்க பேட்ச்சுக்கு நீங்கதான் டைம் பாக்கணும். மெட்ராஸ்லேந்து ஆள் வராங்க. அன்னைக்கு நீங்க வரலைன்னா, சந்திரகலா காத்துக்கினு இருக்கு, நான் அதையே வெச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சந்திரகலா சென்ற வருஷம் பாஸ் செய்த பெண். இரண்டு கால்களும் நன்றாக இருந்தன.

வீட்டுக்கு வந்து ஸத்யபாமா காலண்டரைப் பார்த்தாள். பரீட்சை துவாதசி அன்று.

ஏகாதசி மாலை. ஸத்யபாமா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது நாற்காலி தெருமுனையிலேயே முனகத் தொடங்கிவிட்டது. எம்பார் பாட்டரிகளைக் கழற்றி மூலையில் வைத்தார். சார்ஜரைத் தொடவில்லை. விளக்கு ஏற்றியாகிவிட்டது.

"அண்ணா, இன்னிக்கு ராத்திரி போட்டாகணும்."

"கார்த்தால பாரணை ஆனதும் மொதக் காரியம் அதான். சீக்கிரமே எழுந்துண்டுடறேன்."

"கேட்டுல நின்னேனே, அன்னிக்கும் பாரணை ஆயிடுத்து."

"அது தணிகாசலத்தோட சரக்கு."

"அண்ணா, நாளைக்கு நான் போகலைன்னா வேலை போயிடும். அந்த மனுஷன் சொல்லிட்டார். அப்பறம் நேக்குக் கட்டிலும் இந்தச் சுவரும்தான். நீ என்ன பண்ணுவே?"

எம்பார் துண்டை உதறி வலது தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். பல வருஷமாக அந்தத் துண்டு அப்படி மடியவில்லை.

"நான் தூக்கிண்டு போறேன். இதென்ன புதுசா? பள்ளிக்கூடத்துக்குப் போகலையா? ஹையர் பரீட்சைக்குப் போகலையா?" அவர் குரலில் ஓர் உற்சாகம் வந்திருந்தது. கட்டிலருகே வந்து, முதுகைக் காட்டிக் குந்தினார். இரண்டு முழங்கால்களும் அடுத்தடுத்துச் சொடுக்கின. அடுக்களை வரை கேட்டது.

"ஏன்னா" என்றாள் மரகதவல்லி உள்ளேயிருந்து. "பாதி வழியில நீங்க உக்காந்துட்டா, ரெண்டு பேரையும் சேத்துத் தூக்க யாரை அனுப்பட்டும்?"

"நோக்குத் தெரியாது. ஏறு பாமா."

"மெட்ராஸ்லேந்து வரவா முன்னாடி உன் தோள்ல உக்காந்துண்டா பொண்களுக்கு டைம் பார்ப்பேன்? எழுந்திரு அண்ணா."

எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டதை இரண்டு பெண்களும் பார்த்தார்கள் என்று தெரிந்து அவர் கட்டில் காலை ஆட்டிப் பார்த்தார், அது உறுதியாக இருக்கிறதா என்று சோதிப்பவர்போல.

ஸத்யபாமாதான் ஆரம்பித்தாள். குரல் மாறியிருந்தது. சின்னப் பெண்களுக்குப் பாடம் எடுக்கும் குரல்.

"இன்னிக்கு நீ பட்டினியா?"

"உபவாசம்."

"மத்தியானம் என்ன?"

"பலகாரம். கோதுமை ரவை உப்புமா."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"வாணலியைக் கேளு, சொல்லும்" என்றாள் மரகதவல்லி.

"அப்பறம்?"

"வாழைப்பழம். பால். ஒரு வெல்லச் சீடை..." நிறுத்திக்கொண்டார். சீடையில் அரிசி மாவு. "அது ஞாபகமறதியா."

"இப்ப ராத்திரிக்கு?"

"கோதுமை தோசை வாக்கறா போல இருக்கு."

"உன் உபவாசம் கெட்டுடுத்தா?"

"பலகாரத்துக்கு தோஷமில்லை. சாஸ்திரத்துலயே எடம் இருக்கு. தேகம் தாங்காதவா பலகாரம் பண்ணலாம்."

"உன் தேகம் தாங்காது. அந்தத் தேகம் தாங்குமோ?" ஸத்யபாமா மூலையைக் காட்டினாள். "நாள் முழுக்க என்னைச் சுமந்துண்டு வந்திருக்கு. அதுக்கு மட்டும் சொட்டுத் தீர்த்தம்கூட இல்லாத உபவாசமா? உன்னைவிட அது ஆசாரமா அண்ணா?"

எம்பார் மூலையைப் பார்த்தார். மற்ற எதற்கும் அவரிடம் பதில் உண்டு. கேட்டில் நின்றதற்குத் தணிகாசலம், குடம் நசுங்கியதற்குச் சரளைக்கல். இதற்கு யாரும் கிடைக்கவில்லை. தன்னைவிடப் பாட்டரி ஆசாரத்தில் உசத்தி என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அதற்கும் பலகாரம் போட வேண்டும்.

"சரி, பாட்டரிக்குப் பலகாரம்னா அது எது?" என்றார் கடைசியில், மெதுவாக.

"சார்ஜர்ல திருகி வைக்க ரெண்டு எடம் இருக்கே. பெரிசு, சின்னது. நீ தினம் வைக்கறது பெரிசு. அது சாதம். சின்னது கோதுமை."

"யார் சொன்னா?"

"பெரிசுல வெச்சா திருமங்கையாழ்வார் கொதிக்கறார்ன்னு நீதானே சொல்றே? சின்னதுல வெச்சா கொதிப்பாரோ?"

"சின்னதுல... கொதிக்கமாட்டார்."

"வயத்தைப் படுத்தலைன்னா அது லேசான ஆகாரந்தானே?"

"ராத்திரி முழுக்கச் சாப்பிடுமே."

"நீ மட்டும் எப்ப நிறுத்தறே?" என்றாள் மரகதவல்லி. தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது.

எம்பார் கிணற்றடிக்குப் போய்த் தலையில் நாலு வாளி கொட்டிக்கொண்டு வந்தார். மூலையில் குந்தி, மூடிகளைத் திருகி எடுத்து வைத்து, ஒயர்களை மாட்டினார். சார்ஜரின் திருகைச் சின்னதில் வைத்தார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார். சுவிட்சைப் போட்டார். முள் லேசாக எழுந்து நின்றது. உள்ளே எதுவும் கொதிக்கவில்லை.

அடுக்களையிலிருந்து மரகதவல்லி தோசைக்குக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து உதறினார். அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் உயர்த்திப் பிடித்து, பெருமாள் அமுது செய்யும்போது யார் கண்ணும் படாமல் திரை போடுகிறாற்போல, பாட்டரிகளுக்கும் கூடத்துக்கும் குறுக்கே விரித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.